ஆடு மாடு வகுப்பு

ஜூன் 12

அன்புள்ள வாலுவுக்கு,

அன்புள்ள என்பது கை பழக்கத்தில் வந்துவிட்டது. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

பியானோ வாசிக்கிற வேலை என்று நீ உல்லாசக் கப்பலேறி ஒரு வாரம் ஆகிறது. கப்பல் கம்பெனியின் துறைமுக அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்து நிற்கிற இடத்தில் உன் கையில் சேர்த்துவிடுவார்கள் என்று உன் அண்ணன் விலாசம் வாங்கி வந்து கொடுத்தார். நடுக்கடலில் போனும் எடுக்காதாம். எடுத்தாலும் பேசியிருக்க மாட்டேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய். கடைசியில் "சரி அண்ணி, வெச்சிடறேன்" என்று வைத்தும் விடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு நிம்மதிக்காகவே எழுதுகிறேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் எச்.எம். அம்மாவிடம் "நான் வர்ற வரைக்கும் எங்க அண்ணி பார்த்துப்பாங்க, பிரமாதமா பாடுவாங்க" என்று எந்தத் தைரியத்தில் சொன்னாய்? நான் பாடி எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியுமா? வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன். "நாளைக்கு எட்டரைக்கு வந்துடுங்க மேடம்." விரல் போகத் தெரிந்தது. உன் அம்மாவோ, "பொண்ணு வேலை போயிடக் கூடாதும்மா, ஒரு மூணு மாசம் போய்ட்டு வந்துடு. நீ வீட்ல சும்மாதானே இருக்கே" என்கிறார். சும்மா! இந்த வீட்டில் நான் சும்மா இருந்த நாளை அவர் எனக்குக் காட்டட்டும், நான் அவர் காலில் விழுகிறேன்.

போனேன். மூன்றாம் வகுப்பு. பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு முப்பது பிள்ளைகளும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் மடியில் மரக்கட்டைச் சைலஃபோன், மீதிப் பேர் வாயில் ஊதி வாசிக்கிற மெலோடிகா, ஒருவனிடம் டிரம். "டீச்சர் போன வாரம் சொல்லிக்கொடுத்ததை வாசிச்சுக் காட்டுங்க" என்றேன். வெயில் கொளுத்துகிற அந்த அறைக்குள் மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அது போன வாரமே முடிஞ்சுபோச்சே மிஸ்" என்றாள்.

"முடிஞ்சா என்ன, மறுபடி வாசி."

"அதையே எப்படி மறுபடி வாசிக்கிறது?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வேன், நீயே சொல். பிறகு டிரம் பையன் தட்ட ஆரம்பித்தான். முப்பது பேரும் "ஆடு, மாடு, காடு, வீடு" என்று கத்த ஆரம்பித்தார்கள். எச்.எம். கதவைத் திறந்து, "இது பள்ளிக்கூடமா, பட்டியா?" என்று என்னைக் கேட்டார். உன்னை இல்லை, என்னை.

நீ இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இந்த ஜாஸ் என்ன இழவு, அதை எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பு. இன்னொன்று, செப்டம்பர் முதல் தேதிக்குள் நீ வந்து கையெழுத்துப் போடாவிட்டால் உன் வேலை இல்லை. எச்.எம். கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் பீரியட்மேல் கணக்கு வாத்தியாருக்கு ஏற்கெனவே ஒரு கண்.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 27

என் தங்க அண்ணிக்கு,

இவ்வளவு கோபத்திலும் உங்கள் கையெழுத்து ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை! அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

கேட்காமல் சொன்னது தப்புதான். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் குளியலறையில் பாடுவீர்கள். நான் வெளியே துண்டோடு நின்று கேட்டிருக்கிறேன். அப்புறம் ஏன் நிறுத்தினீர்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜாஸ் என்ன இழவு என்று கேட்டீர்கள். ஒரு பாட்டு இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து அதை ஒரு தடவை வாசிக்கிறோம். அப்புறம் ஒருவர் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு தனக்குத் தோன்றியதைச் சொல்கிறார். அடுத்தவர் அதைக் காதில் வாங்கிப் பதில் சொல்கிறார். என்ன பதில் என்று முதலிலேயே யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் அண்ணி. பிள்ளைகளுக்கு இது நம்மைவிடச் சுலபமாக வரும், ஏனென்றால் அவர்களுக்கு எதிர்த்துப் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சைலஃபோனில் மற்றக் கட்டைகளைக் கழற்றிவிட்டு இரண்டே இரண்டை மட்டும் விடுங்கள். எல்லாக் கட்டையும் இருந்தால் அடித்து நொறுக்குவார்கள். இரண்டு மட்டும் இருந்தால் யோசிப்பார்கள். "ஆடு மாடு" வீண் கத்தல் இல்லை. ஆ நீளம், டு குட்டை, மா நீளம், டு குட்டை. அந்த நடையில் வாசித்தால்தான் ஜாஸ் ஆடும். எல்லாச் சுரமும் ஒரே நீளத்தில் வந்தால் அது அணிவகுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் கை தட்டச் சொல்லுங்கள். ஒன்றில் தட்ட விடாதீர்கள். யார் வாசித்தாலும் திருத்தாதீர்கள். அதைவிட முக்கியம், பாராட்டாதீர்கள். "ரொம்ப நல்லா இருக்கு" என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

இங்கே சாப்பாட்டுக் கூடம் நம் பள்ளி மைதானம் அளவு. கப்பல் ஆடும்போது உருளாமலிருக்கப் பியானோவைத் தரையோடு முடுக்கிவைத்திருக்கிறார்கள். சாக்ஸஃபோன் வாசிப்பவர்தான் எங்கள் குழுத் தலைவர், பெயர் தாடி. டிரம்காரர் பேசவே மாட்டார், மீனைப் போல் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் நான் தனியாக வாசித்த இடத்தில் மொத்தக் கூடமும் கைதட்டியது. நீங்கள் இருந்திருக்க வேண்டும்!

செப்டம்பரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வராமல் எங்கே போகப்போகிறேன்?

உங்கள் வாலு


ஜூலை 11

வாலுவுக்கு,

பிள்ளையைப் பாராட்டாதே என்று சொல்கிற ஒரே டீச்சர் உலகத்தில் நீதான். போகட்டும், நடந்ததைக் கேள்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனை. பள்ளி முழுவதும் வெயிலில் நிற்கிறது. பள்ளிப் பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் ஒன்றில் கை தட்ட, உன் மூன்றாம் வகுப்பு மட்டும் இரண்டிலும் நான்கிலும் தட்டியது. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள், அதனால் திட்டவும் முடியவில்லை. பக்கத்திலிருந்த நாலாம் வகுப்பு குழம்பி இவர்களோடு சேர்ந்துகொண்டது. இரண்டாம் வகுப்பு பாதி இங்கே, பாதி அங்கே. மூன்றாவது வரி வருவதற்குள் பாட்டு குப்புற விழுந்தது. மேடையிலிருந்த விருந்தினர் முடிந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். எச்.எம். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எங்கே போய் முட்டிக்கொள்வேன்? உன் வீட்டில் வாக்கப்பட்டதற்கு இதெல்லாம் என் தலையெழுத்து.

அதனால் இந்த வாரம் என் வழிக்கு வந்தேன். வட்டம் சுற்றி ஒவ்வொருவராக வாசித்தார்கள். பெரும்பாலும் டொக்கு டொக்கு. மழைக்கோட்டுக்காரி முறை வந்தது. இரண்டே கட்டைதான், ஆனால் என்ன அழகாகக் கோத்தாள் தெரியுமா! ஒன்றை இரண்டு தடவை தட்டிவிட்டு, நிறுத்தி, மற்றதில் போய் இறங்கினாள். எனக்கு வாய் நிற்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு, எல்லாரும் கேட்டீங்களா? இப்படித்தான் வாசிக்கணும்" என்றேன்.

மறுநாள் அதிசயம்! வட்டத்தில் முதல் பிள்ளை அதையே வாசித்தது. அடுத்ததும் அதையே. மற்ற இருபத்தொன்பது பேரும் வரிசையாக, ஒரு தட்டுக்கூடப் பிசகாமல். எச்.எம். கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "இதுதாம்மா ஒழுங்கு. இப்படியே ஒரு சேர்ந்திசையா கொண்டு போயிடுங்க" என்றார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அந்த அம்மா என்னிடம் சிரித்தார். உன் ஜாஸை நான் அடக்கிவிட்டேன் பார்த்தாயா?

மழைக்கோட்டுக்காரி மட்டும் அன்றிலிருந்து வாசிப்பதில்லை. குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். பாராட்டியும் இந்த முறுக்கு என்றால் அவளுக்கு என்ன கேடு என்று தெரியவில்லை.

அண்ணி


ஜூலை 24

அண்ணி,

கொன்றுவிட்டீர்கள். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேல்தளத்தில் நாலு சுற்று நடந்தேன். டிரம்காரர் வாயைத் திறந்து "என்ன ஆச்சு?" என்றார். இந்தக் கப்பலில் அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தைகள் அவை. அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது என் முகம்.

அவளுக்கு என்ன கேடு என்று கேட்டீர்களே, நான் சொல்கிறேன். அவள் ஒன்று சொன்னாள். யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னதையே எல்லோரும் பிடுங்கிக்கொண்டார்கள். இனி அவள் அதை வாசித்தால் முப்பதாவது ஆள். வேறு எதையாவது வாசித்தால் "இப்படித்தான் வாசிக்கணும்" என்று நீங்கள் போட்ட கோட்டுக்கு வெளியே. பாவம், எங்கே போவாள்? நீங்கள் சாப்பிடும்போது ஏதோ மனசில் பட்டதைச் சொல்லி, அம்மாவும் அண்ணனும் நானும் அதையே ஒருவர் பின் ஒருவராகத் திருப்பிச் சொன்னால் அடுத்த வேளை வாயைத் திறப்பீர்களா?

ஒரு வருஷம் அண்ணி! பள்ளியில் இவர்களுக்கு எல்லா வகுப்பிலும் ஒரே ஒரு சரியான விடை. என் வகுப்பில் மட்டும் அது கிடையாது என்று அவர்களை நம்பவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. நீங்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். "ஒழுங்கு" என்று எச்.எம். சிரித்தாராம், உங்களுக்குப் பெருமையாம். அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய்க் கிணற்றில் போடுங்கள்.

சரி, கத்தி என்ன ஆகப்போகிறது? சரிசெய்ய ஒரு வழிதான் இருக்கிறது. நாற்காலியை வெளியே எடுத்துவிட்டுத் தரையில், வட்டத்துக்குள் உட்காருங்கள். உங்கள் முறை வரும்போது பாடுங்கள். நன்றாகப் பாடாதீர்கள், நீங்கள் படித்த பாட்டெல்லாம் வேண்டாம். நாலு சுரம் போதும், அடுத்து என்ன வரும் என்று உங்களுக்கே தெரியாத நாலு சுரம். பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். யாராவது பதில் சொல்வார்கள்.

இங்கே எல்லாம் சௌக்கியம். தினமும் வாசிக்கிறேன். தினமும் கைதட்டுகிறார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வாலு


ஆகஸ்ட் 7

வாலு,

உன்மேல் எனக்கு அசாத்தியக் கோபம். எதற்கு என்று சொல்கிறேன்.

நீ சொன்னபடி தரையில் உட்கார்ந்தேன். என் முட்டி போட்ட சத்தத்தை ஒரு பையன் மெலோடிகாவில் வாசித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள், நான் முறைத்தேன். பிறகு என் முறை வந்தது. முப்பது ஜோடிக் கண். தொண்டையைச் செருமினேன், தண்ணீர் குடித்தேன், புடவையைச் சரிசெய்தேன். "மிஸ், உங்க டர்ன்" என்று டிரம் பையன் அதட்டினான். என்னத்தையோ பாடினேன். நாலு சுரம்தான். மூன்றாவது சுரத்தில் குரல் பிசிறியது. எங்கள் பாட்டு வாத்தியார் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அறையே அமைதியாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பொடிப்பயல், அதுவரை பென்சில் சீவுவதைத் தவிர வேறெதையும் அவன் செய்து நான் பார்த்ததில்லை, சைலஃபோனில் மூன்று தட்டுத் தட்டினான். நான் பிசிறிய இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கேயிருந்து வேறு பக்கம் போனான். நான் அதற்கு ஒன்று பாடினேன். அவன் இன்னொன்று சொன்னான். குறுக்கே டிரம் வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் சண்டைக்கு வருவதுபோல் வந்தார்கள். ஆடு மாடு நடை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மணி அடித்தது எங்களில் ஒருவருக்கும் காதில் விழவில்லை. கணக்கு வாத்தியார் வந்து கதவை இடித்தார். கதவை இடித்ததற்கும் ஒருத்தி பதில் வாசித்தாள், அவர் போய் எச்.எம்மிடம் புகார் சொன்னார்.

மழைக்கோட்டுக்காரி வாசிக்கவில்லை. ஆனால் குச்சியை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் நின்று அழுதேன். உன் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு கிளாஸ்ல பாடினேங்க" என்றேன். "ம்" என்றார். "பிள்ளைங்க திருப்பி வாசிச்சாங்க." அதற்கும் "ம்." உன் அம்மா, "பால் பொங்குது பாரு" என்றார். புதிதாக ஒன்றும் இல்லை, இந்த வீட்டில் என்றைக்கும் இப்படித்தான். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். நான் ஒன்று சொல்வேன், அது தரையில் விழும், அதன்மேல் நடந்துபோவார்கள். குளியலறையில் ஏன் பாட்டை நிறுத்தினேன் என்று கேட்டாய் அல்லவா? துண்டோடு நின்றவள் ஒரு நாளாவது கதவைத் தட்டி "அண்ணி, அது என்ன பாட்டு?" என்று கேட்டிருக்கலாம்.

இத்தனை வருஷம் கழித்து எனக்குப் பதில் சொன்னது ஒரு மூக்கொழுகிப் பயல். கோபம் வராமல் என்ன செய்யும்?

அண்ணி


ஆகஸ்ட் 18

அண்ணி,

கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

நான் உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எனக்குக் கைதட்டினார்கள் என்று பீற்றிக்கொண்டேனே, அதே இடத்தைத்தான் தினமும் வாசிக்கிறேன். அப்படியே, அச்சுப் பிசகாமல். மறுநாள் நான் வேறு வாசித்தபோது கப்பலின் விருந்து மேலாளர் தாடியைக் கூப்பிட்டு, "நேத்து வாசிச்சதே நல்லா இருந்துச்சு, அதையே வெச்சுக்கோங்க" என்றார். ஏன் தெரியுமா? நான் தனியாக வாசிக்கும் அந்த இடத்தில் விளக்குகளை அணைத்து, பரிமாறுபவர்கள் மெழுகுவத்தி வைத்த கேக்கோடு சமையலறையிலிருந்து வரிசையாக வர வேண்டும். நான் முடிக்கும்போது கேக் மேஜைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வரி கூட்டினால் இருட்டில் முட்டிக்கொள்வார்கள். ஒரு வரி குறைத்தால் பாதி வழியில் விளக்கு வந்துவிடும். என் வாசிப்பை அவர்கள் ஒத்திகை பார்த்து நடக்கிறார்கள் அண்ணி. நான் கேக் வண்டிக்கு மணி.

பயணிகள் வாரத்துக்கு ஒரு முறை மாறிவிடுகிறார்கள், அதனால் அவர்களுக்கு எல்லாம் புதுசு. எனக்கும் டிரம்காரருக்கும்தான் தெரியும். தாடியிடம் முறையிட்டேன். "சோறு போடுற இடம்மா, அனுசரிச்சுப் போ" என்றார். உங்களை நான் "கொன்றுவிட்டீர்கள்" என்று திட்டி எழுதிய அன்று சாயங்காலமும் அதையேதான் வாசித்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

போதும். நான் வந்துவிடுகிறேன். செப்டம்பர் முதல் தேதிக்கு முன்னால் இறங்கிவிடுவேன், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எச்.எம்மிடம் சொல்லிவிடுங்கள். என் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். உங்களுக்கும் விடுதலை, முதல் நாளிலிருந்து அதைத்தானே கேட்டீர்கள்?

உங்கள் வாலு


ஆகஸ்ட் 29

வாலு,

உட்கார்ந்து படி.

நேற்று எச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். "உங்க நாத்தனார் வர்றாங்களா, இல்லையா? எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்." உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. அன்று காலையில்தான் வந்தது, இரண்டு தடவை படித்திருந்தேன்.

"வர மாட்டா" என்றேன்.

பொய்தான். தெரிந்தே சொன்னேன். "அப்போ நீங்களே நிரந்தரமா இருங்க, ஆனா அந்த ஆடு மாடு கூத்தை விட்டுட்டுச் சேர்ந்திசை எடுங்க" என்றார். "ஆடு மாடு இருந்தா நான் இருக்கேன் மேடம். இல்லேன்னா பீரியடைக் கணக்கு வாத்தியாருக்கே குடுத்துடுங்க" என்றேன். கடைசியில் பிரார்த்தனையில் மட்டும் எல்லோரையும்போல் ஒன்றில் தட்ட வேண்டும், வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்துகொள்ளலாம் என்று முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் இடத்தில்.

உன் நன்மைக்காகத்தான் செய்தேன் என்று இங்கே ஒரு பத்தி எழுதினேன். திரும்பி வர இடம் இருந்தால் நீ அந்தத் தாடியை எதிர்த்து ஒரு நாளும் நிற்க மாட்டாய், அப்படி இப்படி என்று. படித்துப் பார்த்தேன், எனக்கே சகிக்கவில்லை, கிழித்துவிட்டேன். எனக்காகத்தான் செய்தேன். அந்த வகுப்பு எனக்கு வேண்டும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எது வந்தாலும் முதலில் உன் தட்டில் போட்டுவிட்டுத்தான் எனக்கு எடுத்துக்கொண்டேன். இதைப் போட மாட்டேன்.

உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "மக வேலையைத் திருடிட்டியேடி" என்றார். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. உன் அண்ணன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "நீ செஞ்சது தப்பு" என்றார். "தப்புதான்" என்றேன். அதற்கு "ம்" வரவில்லை. பேப்பரை மறுபடி எடுக்கவும் இல்லை.

நீ எச்.எம்முக்கு நேராக எழுதி நான் சொன்னது பொய் என்று காட்டலாம். வருகிறேன் என்று நீ எழுதிய கடிதத்தை அவரிடம் காட்டச் சொன்னால் அதற்கும் தயார். ஆனால் வகுப்பை நானாகத் தர மாட்டேன்.

அண்ணி


செப்டம்பர் 21

அண்ணி,

எச்.எம்முக்கு நான் எழுதவில்லை. எழுதினால் என் ஆத்திரம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். நேரில் வந்து உங்கள் முடியைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றிருந்தது. எஞ்சின் கோளாறு என்று கப்பலை நம் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். முதல் பேருந்தைப் பிடித்து வந்தேன்.

ஆமாம், வந்தேன். போன வியாழக்கிழமை. வீட்டுக்கு இல்லை, நேராகப் பள்ளிக்கு. பேருந்து முழுக்க என்னென்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். காவலாளி என்னைப் பார்த்ததும், "டீச்சர், திரும்ப வந்துட்டீங்களா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். அதிலேயே பாதி அழுகை வந்துவிட்டது. தாழ்வாரத்தில் வந்து உங்கள் கதவுக்குப் பக்கத்து ஜன்னலோரம் நின்றேன்.

மழைக்கோட்டுக்காரி வாசித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து தட்டுக்குப் பிறகு நடுவில் நிறுத்திவிட்டாள், அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் டிரம்மை உள்ளே விட்டிருப்பேன். எப்போதும் விட்டுவிடுவேன். அவர்களுக்காக இல்லை, அந்த அமைதி எனக்கே தாங்காது. நீங்கள் விடவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள், மற்றப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். என்ன செய்கிறார்கள் இந்த அண்ணி, பிள்ளை தவிக்கிறாளே என்று உள்ளே வரப் பார்த்தேன். கை கதவுப்பிடியில் இருந்தது. அப்போது அவள் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். நான் அவளுக்கு ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தும் அவளிடம் கேட்டிராத தட்டு. நீங்கள் குரலைக் கீழ்ச் சுரத்துக்கு இறக்கிப் பதில் பாடினீர்கள்.

எனக்கு அப்படிக் காத்திருக்கத் தெரியாது அண்ணி. உங்களுக்குத் தெரிகிறது. எங்கள் வீட்டில் வாழ்ந்து கற்றுக்கொண்டது போலிருக்கிறது.

கையை எடுத்துவிட்டேன். திரும்பிப் போய்விட்டேன். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுததில் பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். அது என் வகுப்பு இல்லை. நான் உண்டாக்கியதுதான், ஆனால் இப்போது என்னுடையது இல்லை. அதை என் கண்ணாலேயே பார்த்துத் தொலைத்தேன்.

நேற்று கப்பல் கிளம்பியது. சாயங்காலம் என் இடம் வந்தது, விளக்கு அணைந்தது. நான் வேறு வாசித்தேன். இரண்டு வரி கூடப் போயிருக்கும், மூன்றாகக்கூட இருக்கலாம். டிரம்காரர் மீன் கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு கூடவே வந்துவிட்டார். இருட்டில் யாரோ யார்மேலோ மோதினார்கள். ஒரு கேக் கவிழ்ந்தது. யாரும் செத்துப்போகவில்லை. தாடி என்னோடு பேசுவதில்லை. மேலாளர் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் வேறுதான் வாசிப்பேன். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டாலும் விடுவார்கள். இறங்கினால் எனக்குப் போக வேலை இல்லை, நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். பயமாக இருக்கிறது. விரல் என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது.

உங்களை மன்னிக்கவில்லை. அதற்கு நாளாகும். நான் வந்ததை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

வாலு


அக்டோபர் 3

அடி பாவி,

வாசல் வரைக்கும் வந்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாயா? அவ்வளவு தூரம் பேருந்தில் வந்தவள், காலையில் என்ன சாப்பிட்டாய், ஏதாவது சாப்பிட்டாயா? முடியைப் பிடித்து உலுக்க வந்தவள் உலுக்கிவிட்டாவது போயிருக்க வேண்டாமா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஒரு நாள் முழுக்கச் சமையலில் உப்புப் போடவில்லை. உன் அம்மா வாய் திறந்து என்னோடு பேசிவிட்டார். "என்னம்மா சமையல் இது?" என்று.

அவரிடம் நீ வந்ததைச் சொல்லவில்லை. உன் அண்ணனிடம் சொன்னேன். கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு, "நீ கிளாஸ்ல என்ன பாடினே?" என்று கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாடிக் காட்டவில்லை. நான் என்ன, அவ்வளவு மலிவா? நாலு நாள் கேட்கட்டும்.

மன்னிப்பதற்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்கிறேன். அதற்காக இரவில் தூக்கம் கெடுகிறது, அதுவும் நிஜம். காலையில் எழுந்து அந்த வகுப்புக்குத்தான் போகிறேன்.

கப்பலிலிருந்து இறக்கிவிட்டால் நேராக வீட்டுக்கு வா. உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. யாரும் சும்மா இருக்கிறாய் என்று சொல்ல நான் விடமாட்டேன். என்னைத் திட்டு, சாப்பாட்டைக் குறை சொல், உன் அம்மாவோடு சேர்ந்துகொண்டு என்னைப் பற்றிப் பேசு. வகுப்பைத் தவிர எதை வேண்டுமானாலும் கேள், தருகிறேன்.

அண்ணி